முகம் யாருடையது?

ஒரு மனிதனுக்கு உரிய உடைமைகள் எவை என்று கேட்டால் வீடு, நிலம், பெயர், புகழ் என்று அடுக்கிக்கொண்டு போவோம். முகத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. களவாட முடியாத பொருளுக்கு உடைமைச் சான்று எதற்கு என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். வீட்டைப் பூட்டுகிறோம், நிலத்துக்குப் பட்டா வாங்குகிறோம், முகத்தை மட்டும் எல்லாரும் காணத் திறந்த வீதியில் சுமந்து திரிகிறோம். அந்த முகமும் களவு போகும் காலம் வந்துவிட்டது. அதனால் எழும் அறக்கேள்வி ஒன்றைச் சங்க அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தத்துவம் பேசும் தகுதி நமக்கு உண்டென்று கூறமாட்டோம். பாறசாலையை அடுத்த எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் பிறந்தோம். இளங்கலைப் பட்டத்தோடு படிப்பை முடித்து, நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். ஆயினும் முகத்தையும் படத்தையும் ஒப்புநோக்குவது நம் அன்றாட அலுவல். படிவத்தின் மூலையில் ஒட்டிய படத்தையும் எதிரே நிற்பவரையும் மாறி மாறிப் பார்த்து, 'சரி' என்று குறித்துக் கையொப்பம் இடுவதில் நம் வாழ்நாளின் கணிசமான பகுதி கழிந்திருக்கிறது.

நவம்பர் மாதம் வந்துவிட்டால் ஓய்வூதியர்கள் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். முன்னெல்லாம் நேரில் வந்து நிற்பார்கள். 2014ஆம் ஆண்டு தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' முறை அவர்களின் விரல் ரேகையையும் கருவிழியையும் ஏற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் முகமே போதும் என்றாயிற்று. கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டினால், 'இவர் இவரே' என்று இயந்திரம் சான்று கூறிவிடுகிறது.

இயந்திரம் வருவதற்கு முந்தைய ஓர் ஆண்டில், முதியவர் ஒருவர் நம் மேசைமுன் வந்து நின்றார். அவர் புத்தகத்தில் இருந்த படம் முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. படத்தில் கறுத்த முடி, நிமிர்ந்த கழுத்து. எதிரே வழுக்கைத் தலை, ஒட்டிய கன்னம். நாம் தயங்குவதைக் கண்டு, "அதுவும் நான்தான் சார், அந்தக் காலத்து நான்" என்று சிரித்தார். கையொப்பம் இட்டுவிட்டோம். ஆனால் எதைக் கண்டு இட்டோம்? முகத்தின் ஒவ்வோர் அங்குலமும் மாறியிருந்தது, முகம் மாறவில்லை. படத்தில் உருவம் திரிந்திருப்பது ஒன்றே பொய் ஆகிவிடாது என்னும் பாடத்தின் முதல் வரியை அன்றே படித்தோம். பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

வித்தையின் இயல்பு

நாளிதழ்களில் 'மார்பிங்' என்னும் சொல் இன்று அடிக்கடி தென்படுகிறது. அதைக் கண்டதும் நம்மவர் முகம் சுளிப்பர். ஒரு வித்தையைக் குற்றம் சாட்டும் முன் அது என்னவென்று அறிவது முறையன்றோ?

கணிப்பொறிக்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எவ்வளவு என்று கூறும் மூன்று எண்கள் உண்டு. புள்ளிகளின் இடத்தை மாற்றி உருவத்தை நீட்டியும் சுருக்கியும் வளைத்தும் காட்டுவது உருத்திரிபு. ஓர் உருவம் சிறிது சிறிதாக வேறோர் உருவமாவது உருமாற்றம். முன்னது இல்லாமல் பின்னது இல்லை.

இதனை விளக்க நம் வட்டாரத்திலேயே நல்லதோர் உவமை உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகப் பகுதியிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்களின் வழியினர் இன்றும் கைத்தறி நெய்கின்றனர். பாவும் ஊடும் சேர்ந்த துணியில் ஒரு பூ நெய்யப்பட்டிருப்பதாகக் கொள்வோம். துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இழைகளின் கட்டங்கள் கோணும். அவற்றோடு பூவும் கோணும். பூவின் நூல் ஒன்றும் அறுபடவில்லை. நிறம் ஒன்றும் மாறவில்லை. இடங்கள் மட்டுமே நகர்ந்தன. படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டவலையை விரித்து, வலையை இழுப்பதன் மூலம் படத்தை இழுப்பதே உருத்திரிபு.

கணிப்பொறி தோன்றும் முன்பே இந்த எண்ணம் பிறந்துவிட்டது. தார்சி தாம்சன் என்னும் உயிரியல் அறிஞர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், பேத்தை இனத்தை ஒத்த முள்மீன் ஒன்றின் படத்தின்மேல் கட்டங்களை வரைந்தார். அக்கட்டங்களை ஓர் ஒழுங்குடன் வளைத்தார். முற்றிலும் வேறான சூரிய மீனின் வடிவம் கிடைத்தது. இயற்கையும் இவ்வாறே உருக்களை நீட்டியும் வளைத்தும் இனங்களை வேறுபடுத்துகிறது என்பது அவர் காட்ட விரும்பிய உண்மை.

கணிப்பொறிக்கு வந்த கதை அண்மையது. 1982ஆம் ஆண்டு டாம் பிரிகாம் என்பவர் ஒரு பெண் காட்டுப்பூனையாக மாறும் காட்சியை அறிஞர் அவையில் காட்டினார். 1988ஆம் ஆண்டில் 'வில்லோ' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் விலங்குருக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி முடிவில் ஒரு பெண்ணாகும் காட்சி இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' பாடற்படத்தில் பல இனத்து ஆண்களும் பெண்களும் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகம் மலர்வதை உலகமே கண்டது. அதற்குப் பயன்பட்ட முறையைத் தாடியஸ் பெயரும் ஷான் நீலியும் 1992ஆம் ஆண்டு ஆய்வுரையாக வெளியிட்டனர்.

அம்முறையின் நுட்பத்தில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இரண்டு முகப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை மங்கச் செய்து மற்றதைத் தெளியச் செய்தால் இடையில் தோன்றுவது முகமன்று. நான்கு கண்ணும் இரண்டு வாயும் கொண்ட பேயுரு. ஆகவே முதலில் இந்தக் கண்ணுக்கு அந்தக் கண், இந்த மூக்குக்கு அந்த மூக்கு என்று இணை காட்ட வேண்டும். பெயரும் நீலியும் இரு படங்களிலும் இணையான கோடுகளை வரைந்தனர். ஒவ்வொரு புள்ளியையும் எல்லாக் கோடுகளும் இழுக்கும். அருகில் உள்ள கோடு வலுவாக இழுக்கும். இவ்வாறு இரண்டு முகங்களையும் நடுவான ஒரு வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே நிறங்களைக் கலக்க வேண்டும். அப்போது உலகில் எவருக்கும் இல்லாத, ஆனால் எவருக்கும் இருக்கக்கூடிய முகம் ஒன்று பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பழைய புள்ளிகளைப் புதிய இடங்களுக்குத் தள்ளிக்கொண்டே போனால் புதிய படத்தில் ஆங்காங்கே ஓட்டை விழும். எனவே பெரும்பாலும் எதிர்வழியில் செல்வர். புதிய படத்தின் ஒவ்வோர் இடத்தையும் நோக்கி, 'நீ பழைய படத்தில் எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டு, அங்குள்ள நிறத்தை எடுத்து நிரப்புவர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

எல்லைப்புறத்தில் பிறந்தவர்க்கு இணை காட்டுதலின் அருமையும் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளை ஒரு புறமாயிற்று. பாறசாலை மறு புறமாயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வளர்ந்தனர். தமிழில் 'வெள்ளம்' என்றால் பெருக்கெடுத்து ஓடுவது; மலையாளத்தில் குடிக்கும் நீர். தமிழில் 'சம்சாரம்' என்றால் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ஒலி ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று இணை காட்டினால் அங்கும் நான்கு கண் பேயுருவே தோன்றும். அறிந்து இணைத்தவர்க்கு இரண்டு மொழிகளும் வாழ்ந்தன. மாற்றமும் கலப்பும் தம்மளவில் தீயவை அல்ல என்பதற்கு எல்லையோர மக்களின் வாழ்வே சான்று.

மாற்றமெல்லாம் பொய்யாகுமோ?

'உள்ளதை உள்ளவாறு காட்டுவது மெய். மாற்றிக் காட்டுவது பொய்' என்று எளிதாகக் கூறிவிடலாம். எண்ணிப் பார்த்தால் இந்த இலக்கணம் நிற்பதில்லை.

விண்ணிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் முதல் செயல்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச் 17ஆம் நாள் ஏவப்பட்டது. இத்தகைய கோள் வரிவரியாகப் படம் பிடித்துக்கொண்டு செல்லும்போது கீழே புவி சுழன்றுகொண்டிருக்கிறது. அதனால் படம் ஒரு பக்கம் சரிந்து அமைகிறது. உள்ளவாறே வெளியிட்டால் ஊர்கள் இடம் மாறித் தோன்றும். ஆகவே ஆற்றின் ஒரு வளைவையும் சாலைகளின் ஒரு சந்திப்பையும் நிலப்படத்தில் உள்ள அதே வளைவோடும் சந்திப்போடும் பொருத்தி, படத்தை இழுத்து நேராக்குகின்றனர். இதுவும் உருத்திரிபே. ஈண்டு மாற்றப்படாத படம் பிழையாகவும் மாற்றப்பட்ட படம் மெய்யாகவும் அமைகின்றன!

கதகளி அரங்கை நோக்குவோம். பச்சை பூசி, சுட்டி கட்டிய நடிகர் முகத்தில் அவருடைய சொந்த முகத்தின் அடையாளமே இல்லை. விடியும்வரை கண்டு களிப்பவர் எவரும் ஏமாற்றப்பட்டதாகப் புகார் கூறுவதில்லை. நடிகர் இசைந்தே பூசினார். காண்போர் அறிந்தே கண்டனர்.

அமெரிக்க நாட்டில் காணாமற்போன குழந்தைகளின் பழைய படங்களைக் கொண்டு, பத்தாண்டு கழிந்தபின் அவர்கள் எவ்வாறு இருப்பர் என்று கணிப்பொறி வழியே முகத்தை வளர்த்துக் காட்டும் பணி பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. பெற்றோரின் படங்களையும் உடன்பிறந்தாரின் படங்களையும் அதற்குத் துணையாகக் கொள்கின்றனர். அந்தப் படத்தில் உள்ள முகம் எந்த ஒளிப்படக் கருவியின் முன்னும் நின்றதில்லை. எனினும் அதைப் பொய் என்று எந்தத் தாய் கூறுவாள்?

1993ஆம் ஆண்டு 'டைம்' வார இதழ் குடியேறிய மக்களைப் பற்றிய சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. பல இனத்தவரின் முகங்களைக் கணிப்பொறியில் கலந்து உருவாக்கிய ஒரு பெண்ணின் முகம் அதன் அட்டையை அணி செய்தது. அவள் இல்லாத பெண் என்பதை இதழே அறிவித்திருந்தது. அதனால் அது கற்பனை, பொய்யன்று. ஆனால் 1982ஆம் ஆண்டு பிப்ரவரி இதழில், 'நேஷனல் ஜியாக்ரபிக்' எகிப்தியக் கூம்புக் கோபுரங்கள் இரண்டை அட்டையின் அளவுக்கு இசைய நெருக்கி வைத்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. கல்லால் ஆன கோபுரத்துக்கு ஒரு நோவும் இல்லை. எனினும் கண்டவர் அறியாமல் செய்ததால் அது பிழையாயிற்று.

ஆக, பிழை மாற்றத்தில் இல்லை. மாற்றத்தைச் சூழ்ந்துள்ள உறவில் இருக்கிறது. முகத்துக்கு உரியவர் இசைந்தாரா? காண்பவர் இது மாற்றப்பட்டது என்று அறிவாரா? இதனால் எவர்க்கேனும் தீங்கு விளையுமா? இம்மூன்று கேள்விகளும் போதும் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். போதா என்பதைக் காட்டிய நிகழ்ச்சி நம் வீட்டளவிலேயே நிகழ்ந்தது.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கையின் கணவர் வளைகுடா நாட்டில் பணியில் இருந்தார். அவர்களுடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துவந்தாள். ஒரு நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து தந்தையின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. எந்தத் தந்தையும் காணக்கூடாத படம். அதில் மகளின் முகம். அவர் உடனே வீட்டுக்குப் பேசினார். "நாளை முதல் அவளைக் கல்லூரிக்கு அனுப்பாதே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குச் சென்றிருந்த நம்மிடம் தங்கை கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அண்ணே, நீங்க ஆபீசில படம் பாத்துப் பழகினவரு. இது அவதானா, சொல்லுங்க" என்றாள். நாம் படத்தை வாங்கினோம். அலுவலகத்தில் பார்ப்பது போலவே பார்த்தோம். புருவம், மூக்கு, மோவாயின் அருகில் உள்ள மறு எல்லாம் பொருந்தின. "முகம் அவளுடையதுதான்" என்றோம். தங்கை சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள். கதவோரம் நின்றிருந்த பெண் உள்ளே போய்விட்டாள்.

நாம் கூறியது பொய்யன்று. முகம் அவளுடையதுதான். ஆனால் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி முகத்தைப் பற்றியதன்று. அந்தப் பெண்ணைப் பற்றியது.

வீட்டில் ஆச்சி ஒருவர் இருந்தார். கண்ணில் புரை விழுந்தவர். படத்தைக் காட்டியபோது, "எனக்கு அது ஒண்ணும் தெரியாது" என்று கையால் விலக்கினார். பேத்தியை அழைத்துப் பக்கத்தில் இருத்தினார். "மக்களே, இது நீயா?" என்று கேட்டார். "இல்ல ஆச்சி" என்றாள் அவள். "பெறவு என்னத்துக்கு இந்தக் கூட்டம்?" என்று கூறி எழுந்து போய்விட்டார்.

பொறியியல் பயிலும் உறவினர் மகன் ஒருவன் வந்து படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகே மற்றவர்க்கு விளங்கியது. முகத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது; தோளில் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. தாடையின் ஓரம் நனைந்த காகிதம் போல மங்கியிருக்கிறது. அந்த முகம், உறவினர் திருமணத்தில் எடுத்த படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதே சாய்வு, நெற்றியில் விழுந்த அதே முடிக்கற்றை. புகார் கொடுக்கப்பட்டது, படத்தைப் பரப்பியவன் அறிந்தவர் வட்டத்து இளைஞனே என்பது தெரியவந்தது. தந்தை விடுப்பில் வந்தார். மகளின் முன் தலைகுனிந்து நின்றார். மூன்று வாரங்களுக்குப் பின் பெண் கல்லூரிக்குச் சென்றாள்.

நெடுநாள் கழித்து ஒரு நாள் அவள் நம்மிடம் சொன்னாள்: "படத்த எவ்வளவு நேரம் பாத்திய மாமா. என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லியே."

நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

நம் வீட்டில் இது இவ்வளவோடு முடிந்தது. எல்லா வீடுகளிலும் அவ்வாறு முடிவதில்லை. 2016ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில், தம் முகத்தைப் பொருத்திய படங்கள் பரவியதால் ஓர் இளம்பெண் உயிர் துறந்த செய்தி நாடு முழுதும் பேசப்பட்டது. படத்தைச் செய்தவன் ஒருவன், பார்த்தவர் பலர். குற்றம் முதலாமவனோடு நின்றுவிடுகிறதா?

வாய்மையின் இலக்கணம்

வாய்மை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், உள்ளதைச் சொல்வதே வாய்மை என்று இலக்கணம் கூறவில்லை. பிறர்க்குத் தீங்கு தராத சொல்லையே வாய்மை என்கிறார். பள்ளியில் படித்தபோது இது தளர்ந்த இலக்கணமாகத் தோன்றியது. மெய்யும் பொய்யும் விளைவைப் பொறுத்தவையா என்று ஆசிரியரிடம் வழக்காடியதும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் அதுவே கடினமான இலக்கணம் என்று உணர்ந்தோம். உள்ளதைச் சொல்ல ஒரு நொடி போதும். சொல்வதால் என்ன விளையும் என்று எண்ணவோ, சொல்பவன் தன் முழு அறிவையும் அன்பையும் செலவிட வேண்டும். "முகம் அவளுடையதுதான்" என்னும் நம் சொல் உள்ளதைச் சொன்னது, வாய்மை ஆகவில்லை. காணாமற்போன குழந்தையின் வளர்ந்த முகத்தை வரைந்து காட்டுபவன் உள்ளதைக் காட்டவில்லை. ஆனால் அவன் பணி வாய்மையின் பக்கத்தில் நிற்கிறது. உண்மையான படம் ஒன்றையே இழிவு செய்யும் நோக்கோடு பரப்பினால், ஒரு புள்ளியும் மாற்றாமலே அது பொய்மை ஆகிவிடும்.

நம் வட்டாரத்துப் பெரியோர் இருவர் கண்ணாடியைக் கொண்டு உணர்த்தியதும் இங்கு நினைவுக்கு வருகிறது. குமரி மாவட்டத்துச் சாமிதோப்பில், அய்யா வைகுண்டர் வழிவந்தோர் கண்ணாடியின் முன் நின்று வழிபடுகின்றனர். 1888ஆம் ஆண்டு நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, 1927ஆம் ஆண்டு களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். தாழ்த்தப்பட்டவர் என்று முகத்தை நிமிர்த்தக் கூசியவர்களிடம், உன் முகத்தை நீயே பார் என்று கூறியதாக நாம் இதனைக் கொள்ளலாம்.

கண்ணாடியும் இடவலம் மாற்றியே காட்டுகிறது. அதுவும் ஒரு வகைத் திரிபுதான். ஆயினும் அதை எவரும் பொய்யன் என்பதில்லை. ஏனெனில் முகத்துக்கு உரியவர் எதிரே நின்றாலன்றி அது எதையும் காட்டாது. அவர் விலகியதும் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. படம் அவ்வாறன்று. உரியவர் இல்லாத இடத்திலும் பேசுகிறது; அவர் மறுமொழி கூற முடியாத வீடுகளிலும் நுழைகிறது. ஆகவே படத்தைக் காண்பவர்க்கு ஒரு கடமை பிறக்கிறது. உரியவரை மீண்டும் அந்தப் படத்தின் எதிரே கொணர்ந்து நிறுத்தி, அவர் சொல்லைக் கேட்பதே அக்கடமை. கண் தெரியாத ஆச்சி செய்தது அதுதான்.

சான்று கூறுவது யார்?

இங்கு ஒரு தடை எழும். "படத்தை நம்பாதே, ஆளைக் கேள் என்கிறீர்கள். குற்றவாளியைக் கேட்டாலும் 'அது நான் அல்லேன், மாற்றப்பட்ட படம்' என்றுதானே கூறுவான்? கையூட்டு வாங்குபவனும் அடித்துத் துன்புறுத்துபவனும் இந்த ஒரு சொல்லால் தப்பிவிடுவார்களே?" இந்தத் தடை வலுவானது, புறந்தள்ளத் தக்கதன்று. எல்லாப் படத்தையும் நம்பும் உலகில் எளியவர் வீழ்வர். எந்தப் படத்தையும் நம்பாத உலகில் வலியவர் தப்புவர்.

எழுத்தர் என்ற முறையில் நமக்குத் தெரிந்த விடை ஒன்று உண்டு. அலுவலகத்தில் எந்தத் தாளும் தனியே வருவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்னும் குறிப்போடு வருகிறது. 2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம், மின்னணு ஆவணம் ஒன்று நீதிமன்றத்தில் ஏற்கப்பட வேண்டுமானால் அதனோடு சான்றிதழ் ஒன்றும் வர வேண்டும் என்று 63ஆம் பிரிவில் கூறுகிறது. எந்தக் கருவியிலிருந்து வந்தது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்று ஒரு மனிதர் பெயர் கொடுத்துக் கையொப்பம் இட வேண்டும். இதன் உட்பொருள் ஆழமானது. படம் சாட்சியன்று, படத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். பொறுப்பேற்கும் மனிதர் பின்னே நிற்கும் படத்தை ஆராயலாம். பெயரில்லாத எண்ணிலிருந்து நள்ளிரவில் வரும் படத்துக்கு யார் பொறுப்பு?

இயந்திரங்களையும் இதில் முழுமையாக நம்ப இயலாது. 2014ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர் மூவர், இருவர் முகங்களை உருமாற்றத்தால் ஒன்றாக்கிய படம் கடவுச்சீட்டில் இடம்பெற்றால், முகம் ஒப்பிடும் கருவி அவ்விருவரையும் உரியவர் என்றே ஏற்கக்கூடும் என்று காட்டினர். கடல் கடந்து வாழும் நம் மக்கள் கடவுச்சீட்டைக் கையில் ஏந்திக் கடந்து செல்லும் வாயில்களைப் பற்றிய செய்தி இது. கண்ணும் ஏமாறும், கருவியும் ஏமாறும்.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துவருகிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், செயற்கையாக உருமாற்றப்பட்ட படங்களைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்ற நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று விதித்தன. ஆனால் நம் வீட்டுப் பெண்ணுக்குத் தண்டனை வழங்க ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் நேரமே போதுமாயிருந்தது. சட்டம் படத்தை அகற்றும். பார்த்தவர் மனத்தில் பதிந்ததை அகற்றும் பொறுப்பு பார்த்தவருடையதே.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு

இதனை நம்மினும் மிகுதியாக எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் ஊரை விட்டு வந்து வாழும் குடும்பத்தினர். ஊரில் ஒரே முற்றத்தில் வாழ்ந்த காலத்தில் ஒருவர் மற்றவரை நடையால் அறிந்தோம், குரலால் அறிந்தோம், கோபத்தாலும் அறிந்தோம். இன்று தந்தை ஒரு நாட்டில், தாய் ஊரில், பிள்ளைகள் வேறொரு நகரில். உறவின் பெரும்பகுதி படங்களால் நடைபெறுகிறது. பேரனின் முதல் நடையையும் பாட்டியின் இறுதி முகத்தையும் படத்தில் காண்கிறோம். படம் நமக்குச் செய்திருக்கும் நன்மை அளவற்றது. ஆனால் எந்த அளவுக்குப் படத்தால் உறவைக் காக்கிறோமோ, அந்த அளவுக்குப் பொய்ப்படத்தால் உறவு அறுபடவும் இடம் கொடுத்திருக்கிறோம்.

ஆதலின் தொலைவில் இருக்கும் தந்தையர் ஒன்றை உறுதியாகக் கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறோம். மகளைப் பற்றியோ மகனைப் பற்றியோ எந்தப் படம் வந்தாலும் முதல் அழைப்பு அந்தப் பிள்ளைக்கே செல்லட்டும். முதல் சொல் தீர்ப்பாக இல்லாமல் கேள்வியாக இருக்கட்டும். பிள்ளை கூறுவதைக் கேட்ட பிறகு ஆராய வேண்டுவதை ஆராயலாம். காவல்துறையை நாட வேண்டுமாயின் நாடலாம். ஒருவேளை பிள்ளை தவறே செய்திருந்தாலும், கேட்ட தந்தையிடம்தான் அது உண்மையைச் சொல்லும்.

முகம் யாருடையது என்னும் கேள்விக்கு நாம் கண்ட விடை சிறியது. முகத்தின் வடிவத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம். நீட்டலாம், வளைக்கலாம், மற்றொன்றோடு கலக்கலாம். அந்த முகத்தின் சார்பாகப் பேசும் உரிமை மட்டும் அதைப் பெற்றவர்க்கே உண்டு. அவர் பேசுமுன் நாம் பேசிவிடுவதும் ஒரு களவே.

இன்றும் நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர் சிலர் கைப்பேசிமுறை கைவராமல் நம் மேசைக்கு வருகின்றனர். முன்பு படத்தை முதலில் பார்த்து, பிறகு ஆளை நிமிர்ந்து பார்ப்பது நம் வழக்கம். இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உட்காருங்கள் ஐயா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். அவர் பேசி முடித்த பிறகே படத்தைத் திறக்கிறோம். வரிசை சிறிது நீளுகிறது. பின்னால் நிற்பவர் முணுமுணுப்பதும் உண்டு. பொறுத்துக்கொள்கிறோம்.